புகார் விளக்கு

அதிகாலை மூன்றே முக்கால்.
ஹாம் நகரத்தைத் தாண்டியதும்
லிப்பே ஆறு எழுந்து வந்து
வீதியில் படுத்துவிட்டது.

எங்கள் ஊரில் இதற்குப் பெயர் புகார்.
தமிழ்நாட்டுப் படங்களில் புகார் என்பது
பொலிஸ் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது.
எனக்கு இரண்டும் பழக்கம்.

பக்கத்து இருக்கையில் குகநேசன்,
மடியில் நூற்றுப் பன்னிரண்டு பத்திரிகைகள்,
காயாத மையின் வாசம்.
இதே வீதியில், இதே மாதிரி ஒரு விடியலில்,
ஐம்பதைத் தாண்டாதே என்ற இடத்தில்
தொண்ணூற்றைந்தில் போன மனிதர்.
லைசென்ஸைத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள்,
ஒரு மாதத்துக்கு.
"நான் அப்பவே சொன்னனான்" என்று சொன்னது
நான்.
அன்றிலிருந்து பதினொரு நாள்
எங்கள் வீட்டில் ஹீட்டர் மட்டும் பேசுகிறது.

பரீட்சைக்காக ஜெர்மனில் பாடமாக்கியது,
அர்த்தம் பிறகுதான் வந்தது:
பின்பக்கப் புகார் விளக்கைப் போடலாம்,
ஐம்பது மீட்டருக்கு அப்பால்
எதுவும் தெரியாதபோது மட்டும்.
மழைக்கு இல்லை.
வெண்பனி கொட்டினாலும் இல்லை.
பயமாயிருக்கிறது என்பதற்கும் இல்லை.
தெளிந்த வீதியில் எரியவிட்டால் இருபது யூரோ,
ஏனென்றால் அந்தச் சிவப்பு
பின்னால் வருகிறவனின் கண்ணைப் பிடுங்கும்.

ஐம்பது மீட்டரை ஆர் அளப்பது?
அதற்குத்தான் வீதியோரத்து வெள்ளைத் தூண்கள்,
இடுப்பில் கறுப்புப் பட்டியோடு,
ஐம்பதுக்கு ஒன்று.
வலப்பக்கத்துத் தூணுக்கு ஒரு நீளக் கண்,
இடப்பக்கத்துத் தூணுக்கு இரண்டு வட்டக் கண்.
ஒன்றின் அருகே நிற்கையில்
அடுத்தது தெரியாவிட்டால் சரி, உனக்கு உரிமை உண்டு.
கண் தெரியாமல் போவதை
ஒரு நாடு இவ்வளவு கவனமாக அளந்து வைத்திருப்பது
அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

"தூண் தெரியுதா?"

கேட்காமல் முடியவில்லை.
அவர் கண்ணாடியைப் புறங்கையால் துடைத்தார்,
வெளியே இருந்ததை
உள்ளே இருந்து.
"ஒண்டு தெரியுது."
கொஞ்சம் பொறுத்து,
"அடுத்தது இல்லை."

போட்டேன்.
முன்பலகையில் மஞ்சளாய் ஒரு சின்னம்:
விளக்கு, அதன் கதிர்களை வெட்டும் ஒரு நெளிகோடு.
எங்களுக்குக் கிடைத்த வெளிச்சம் அவ்வளவுதான்.
மீதி முழுக்க
பின்னால் வரும், வராமலும் போகலாம் என்ற
யாரோ ஒருவருக்கு.

நாற்பதில் போனோம்.
கேட்காமலே அவர் எண்ணத் தொடங்கினார்.
"ஒண்டு."
"ஒண்டு."
"ஒண்டு."
எண் ஏறவேயில்லை.
ஆனாலும் பதினொரு நாளில்
இவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை.

வெல்வரை நெருங்கும்போது "ரெண்டு" என்றார்.
பிறகு, "மூண்டு. அணை."

அணைக்கவில்லை.
இன்னும் கொஞ்சத் தூரம் எரியட்டும் என்று
சட்டத்தில் இடமில்லாத ஓர் ஆசை.
பால் லொறி ஒன்று பின்னால் வந்து
உயர்விளக்கை இரண்டு தரம் அடித்து ஏசியது.
சுவிட்சை அமத்தினேன்.
நெளிகோடு போய்விட்டது.

ஊருக்குள் நிறுத்திய காருக்கு
இங்கே ஒரு சலுகை:
வீதிப்பக்கத்து விளக்குகள் மட்டும் எரிந்தால் போதும்.
பாதிக் கார் தூங்கும்,
பாதி காவல்.

குகநேசன் ஒளிர்சட்டையோடு வாசல் வாசலாகக் குனிகிறார்.
ஒவ்வொரு தபால் பெட்டியும் தகரமாய் ஒரு தரம் இருமுகிறது.
அவர் இருந்த தூரம்
ஐம்பதுக்குக் கொஞ்சம் உள்ளே. தெரிந்தார்.

வந்து ஏறினார். கதவை அடித்துச் சாத்தினார்.
விரல்களை ஊதிக்கொண்டே,
"நாளைக்கும் புகாராம்" என்றார்.

"ஆருக்கு மேல?" என்றேன்.

பதில் இல்லை.
கதவை மட்டும் மறுபடி திறந்து
மெதுவாகச் சாத்தினார்.